இரும்பு மிங்க்: நாலு மில்லிமீட்டர் தவறு

இங்கிலாந்தில் ரெடிங் நகரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சர்ச் ஹால் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை அங்கே பழைய மாடல் ரயில் சந்தை கூடும். போன அக்டோபர் சந்தையில், ஒரு மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் மூன்று கூட்ஸ் வேன்கள் கிடந்தன. மூன்றும் ஓஓ அளவு. எதற்கும் அசல் பெட்டி கிடையாது. ஒன்றுக்குக் கப்ளிங், அதாவது வண்டிகளை இணைக்கும் கொக்கி, உடைந்திருந்தது. மூன்றும் சேர்த்துப் பன்னிரண்டு பவுண்டு என்றார் கடைக்காரர். பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

பிரிட்டிஷ் ரயில்வேயில் திறந்த சரக்கு வண்டியை வேகன் என்றும், கூரையும் கதவும் உள்ளதை வேன் என்றும் சொல்வார்கள். என் சேகரிப்பு முழுக்க வேன்கள்தான். எஞ்சின் சேகரிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். வேனைப் பற்றி எழுதி வைத்தது குறைவு, தேட வேண்டியது அதிகம். அந்தத் தேடல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அளப்பது. ஓஓ அளவில் அசலின் ஒரு அடி, மாடலில் 4 மில்லிமீட்டர். காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து அளந்து நாலால் வகுத்தால் அசல் வண்டியின் அடிக்கணக்கு கையில் கிடைத்துவிடும். தண்டவாள அகலம் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அசல் 4 அடி 8½ அங்குலம், அது 18.83 மி.மீ. ஆக வேண்டும். ஓஓ-வில் 16.5 மி.மீ.தான். தொடக்க காலத்திலிருந்தே ஒட்டிக்கொண்ட குறை இது. அதை ஏற்றுக்கொண்டுதான் இந்த அளவில் சேகரிக்கிறோம்.

முதல் வேன், சுவரெல்லாம் வழவழப்பான தகடு, வரிவரியாக ரிவெட். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய ஜி, அந்தப் பக்கம் ஒரு பெரிய டபிள்யூ. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 'இரும்பு மிங்க்'. அந்தக் கம்பெனி தந்தியில் சுருக்கமாகச் சொல்வதற்காக ஒவ்வொரு வகை வண்டிக்கும் ஒரு சங்கேதச் சொல் வைத்திருந்தது. மூடிய சரக்கு வேன் மிங்க், அதாவது கீரிப்பிள்ளை மாதிரியான ஒரு விலங்கு. இறைச்சி வேன் மைக்கா, பால் வேன் சைஃபன், வெடிமருந்து வேன் கோன். கடைசியில் கார்டு ஏறுகிற பிரேக் வேனுக்குப் பெயர் டோட், நம் தேரை. சொற்களை வண்டியின் மேலேயே எழுதியும் வைத்தார்கள். இரும்பு மிங்க்கை 1886 முதல் 1900களின் தொடக்கம் வரை கட்டினார்கள், மொத்தம் 4,000க்கு மேல். மரம் மலிந்த காலத்தில் தகட்டில் வேன் கட்டியது துணிச்சல்தான். தகட்டுச் சுவர் குளிரில் உட்பக்கம் வியர்க்கும். அதற்குப் பின் வந்த மிங்க்குகள் மறுபடி மரத்துக்கே போய்விட்டன.

உடலின் நீளம் அளந்தேன்: 64 மி.மீ., அதாவது 16 அடி. சரி. ரிவெட் வரிசையும் கதவும் படங்களோடு ஒத்துப்போயின. இந்த உடலை அச்சு வார்த்தவர் அசலைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்.

பிறகு அச்சிடைத் தூரத்தை, அதாவது ஒரு சக்கர அச்சிலிருந்து மறு அச்சுக்கு உள்ள தூரத்தை, அளந்தேன். 40 மி.மீ. அதாவது 10 அடி. இரும்பு மிங்க்குக்கு 9 அடிதான், 36 மி.மீ. இருக்க வேண்டும்.

"நாலு மில்லிமீட்டர்தானேப்பா?" என்றாள் மகள். காலிப்பரின் எண்ணைப் படித்துச் சொன்னவளே அவள்தான்.

நாலு மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த ஒரு அடி, வண்டியின் காலத்தையே மாற்றிவிடும். குட்டையான அச்சிடைத் தூரம் உள்ள வண்டி வேகம் கூடினால் இப்படியும் அப்படியும் ஆடும். அந்தக் காலச் சரக்கு ரயில் மெதுவாகப் போனதால் 9 அடி போதுமாக இருந்தது. வேகம் கூடக்கூட 10 அடி வழக்கமானது. 1938இல் 'எக்ஸ்பி' என்ற முத்திரை வந்தது. பயணிகள் ரயிலோடு சேர்த்து ஓட்டத் தகுந்த சரக்கு வண்டி என்று அதற்குப் பொருள். அச்சிடைத் தூரம் 10 அடிக்குக் குறையக்கூடாது, எஞ்சினிலிருந்தே இயக்குகிற வேக்குவம் பிரேக் இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். முத்திரைக்குப் பக்கத்திலேயே அச்சிடைத் தூரத்தையும் எழுதினார்கள். என் மிங்க்கின் அடிச்சட்டம் அந்தப் பிற்காலத்தைச் சேர்ந்தது. பழைய மாடல் தயாரிப்பாளர்கள் ஒரே அடிச்சட்டத்தை வார்த்து எல்லா உடலுக்கும் கீழே மாட்டிவிடுவது வழக்கம். அச்சுவார்ப்பு செலவு பிடிக்கும் வேலை என்பதால் அப்படிச் செய்தார்கள்.

அடுத்து எழுத்துகள். ஜி-யின் உயரம் 8.3 மி.மீ. கணக்குப் போட்டால் 25 அங்குலம். கிரேட் வெஸ்டர்ன் சரக்கு வண்டிகளில் 1904 வாக்கில் 25 அங்குல எழுத்து வந்தது. 1920 வாக்கில் 16 அங்குலமாகக் குறைந்தது, மாடலில் அது 5.3 மி.மீ. 1936-37இல் பெரிய எழுத்தையே விட்டுவிட்டு மூலையில் 5 அங்குல எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், மாடலில் 1.7 மி.மீ. கூட வராது. அதே காலத்தில் மற்ற பெரிய கம்பெனிகளும் எழுத்தைச் சுருக்கின. ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு மிச்சமாகிற பெயின்ட் கொஞ்சமா? இந்த மூன்று அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் சந்தையில் நின்றபடியே ஒரு கிரேட் வெஸ்டர்ன் வேன் எந்தக் காலத்தைக் காட்டுகிறது என்று சொல்லிவிடலாம்.

ஆக, உடல் 1886க்குப் பின், எழுத்து 1904க்குப் பின், அடிச்சட்டம் 1930களை ஒட்டி. மூன்றும் ஒரே வண்டியில். அடிச்சட்டத்தில் இரண்டு பக்கமும் பிரேக் லீவர், நடுவில் ஒரு வேக்குவம் சிலிண்டர் வேறு.

இந்த லீவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய சரக்கு வண்டிகளில் கைப்பிரேக் லீவர் ஒரு பக்கம்தான். யார்டில் வண்டி உருண்டு வரும்போது ஷண்ட்டர், அதாவது யார்டில் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் தொழிலாளி, கூடவே ஓடி, நீண்ட தடியால் லீவரை அமுக்கி நிறுத்துவார். லீவர் மறுபக்கம் இருந்தால் அவர் அந்தப் பக்கத்துக்குத் தண்டவாளத்தைக் கடந்து போக வேண்டும். இருட்டு, மழை, பக்கத்துத் தடத்தில் நகர்கிற வண்டிகள். கை போனவர்கள், கால் போனவர்கள், உயிரே போனவர்கள் நிறையப் பேர். 1900இல் ரயில்வே வேலையில் விபத்தைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் 1911இல் வர்த்தக வாரியம் விதி போட்டது: புது வண்டிகளில் எந்தப் பக்கம் நின்றாலும் பிரேக் போட முடிய வேண்டும். பழைய வண்டிகளை மாற்றக் கொடுத்த கெடுவோ நீண்டுகொண்டே போனது. 1930களிலும் ஒரு பக்க லீவரோடு வண்டிகள் ஓடின. நான் மாடலில் லீவர் வைக்கும் இடத்தைச் சரிபார்ப்பதற்கு முதல் காரணம் இதுதான். அந்த இரண்டு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு ஒரு மனிதர் எந்தப் பக்கம் ஓடினார் என்பதைக் காட்டுகிறது.

படத்தையும் எண்ணையும் மட்டும் நம்ப மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை டிட்காட் போனேன். ரெடிங்கிலிருந்து ரயிலில் ஏறினால் கால் மணி நேரம்தான். அங்குள்ள ரயில் மையத்தில் கிரேட் வெஸ்டர்ன் வண்டிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், இரும்பு மிங்க் உட்பட. பக்கத்தில் நின்றபோதுதான் அது எவ்வளவு சின்ன வண்டி என்று உறைத்தது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நான் கைகளை விரித்து நின்று பார்த்தேன். மாடலில் தெரியாத ஒன்று அங்கே தெரிந்தது: அச்சுகள் உள்ளே தள்ளி இருப்பதால் வண்டியின் இரண்டு முனைகளும் சக்கரத்துக்கு வெளியே நன்றாக நீண்டு நிற்கின்றன. அந்தத் தொங்கல்தான் மிங்க்கின் முகம். என் மாடலில் அந்த முகம் இல்லை.

இன்னொரு நாள் லண்டனில் கியூ ஆவணக்காப்பகம். பழைய ரயில் கம்பெனிகளின் ஆவணங்கள் அங்கே தனிப் பிரிவாக இருக்கின்றன. வாசிப்பறைக்குள் பென்சில் மட்டும்தான் கொண்டுபோகலாம். கேட்ட கட்டு மேசைக்கு வரும்வரை மனத்துக்குள் ஒரு படபடப்பு. அன்று எனக்கு வேண்டிய வரைபடம் கிடைக்கவில்லை. கிடைத்த கடிதக் கட்டுகளிலேயே ஒரு நாள் போய்விட்டது. அதற்காக வருத்தமில்லை. வரைபடம் பிறகு மாடல்காரர்களின் வரலாற்றுச் சங்கம் ஒன்றின் தொகுப்பிலிருந்து வந்தது. 1950இல் தொடங்கிய சங்கம் அது. தன் படத்தொகுப்பிலிருந்து பிரதி எடுத்துத் தருகிறார்கள்.

புகைப்படத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு வண்டி கறுப்பாக விழும். கிரேட் வெஸ்டர்ன் சரக்கு வண்டிகள் ஆரம்பத்தில் சிவப்பு, பிறகு அடர் சாம்பல். எந்த ஆண்டில் மாறியது என்று ஆராய்ச்சியாளர்கள் இத்தனை காலம் வாதிட்டதற்கு இந்தத் தகடுகளும் ஒரு காரணம். கம்பெனியே எடுத்த படங்களையும் அப்படியே நம்பக்கூடாது. படத்தில் விவரம் தெளிவாக விழ வேண்டும் என்று புது வண்டிக்கு வெளிர் சாம்பல் பூசி, படம் எடுத்து, அப்புறம் உண்மையான நிறத்தை அடிப்பார்கள்.

எந்தக் காலத்து மிங்க் வேண்டும் என்று முடிவு செய்தேன்: 1930. பதினாறு அங்குல எழுத்து, ஒரு பக்க லீவர், ஆரக்கால் சக்கரம்.

பழைய மாடலைத் திருத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அசல் பெட்டியோடு, உடையாமல், வந்த நிலையிலேயே இருப்பதை நான் தொட மாட்டேன். அது பொம்மைத் தொழிலின் வரலாறு, அதற்கும் மரியாதை உண்டு. கப்ளிங் உடைந்து, பெட்டி தொலைந்து, மேசைக்கடியில் கிடந்ததைத் திருத்துவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அடிச்சட்டம் நாலு கொக்கியில் மாட்டியிருந்தது. நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டது. உள்ளே துருப்பிடித்த ஒரு எஃகுப் பட்டை, எடைக்கு. புது அடிச்சட்டத்துக்கு ரேஷியோ என்ற மாடல் கம்பெனியின், நாமே ஒட்டிச் சேர்க்கும் இரும்பு மிங்க் கிட்டை வாங்கி, அதன் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மிச்ச உடல் இன்னொரு நாளைக்கு உதவும். ஆக்சில் பாக்ஸ் துளைகளில் பித்தளைக் குமிழ்களை அழுத்தி, 26 மி.மீ. ஊசிமுனை அச்சில் கோத்த 12.6 மி.மீ. ஆரக்கால் சக்கரங்களைப் பொருத்தினேன். ஒரு பக்கச் சட்டத்தை முதலில் ஒட்டிக் காயவிட்டு, மறுபக்கத்தைச் சக்கரத்தோடு சேர்த்து ஒட்ட வேண்டும். பசை இறுகுவதற்குள் கண்ணாடித் தகடு ஒன்றின் மேல் வைத்து நாலு சக்கரமும் தொடுகிறதா என்று பார்ப்பது அவசியம். முதல் தடவை ஒரு சக்கரம் எழும்பி நின்றது. மெல்லிய தாள் ஒன்று அடியில் சரிந்து போகும் அளவுக்கு இடைவெளி. அதை அப்படியே விட்டால் தடம் பிரியும் பாயின்ட்டில் ஏறும்போது தடம் புரளும். கழற்றி, பழைய பசையை ஊசி அரத்தால் ராவி, மறுபடி ஒட்டினேன். இரண்டாம் தடவை சரியாக உட்கார்ந்தது. காலிப்பர்: 36.0.

எடை விஷயத்தில் ஒரு பழைய காயம் எனக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேனுக்குள் ஈயக் குண்டுகளைப் போட்டு வெள்ளை மரப்பசையை ஊற்றி வைத்தேன். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தால் வேனின் வயிறு உப்பி, தரை விரிந்து, பக்கச் சுவர் வெடித்திருந்தது. அந்தப் பசையோடு ஈயம் வினைபுரிந்து வெள்ளை உப்பாக மாறி ஊதிவிடும். ஆறு மாதம் உழைத்த வேன் அது. அன்றிலிருந்து ஈயமே கிடையாது. எஃகு நட்டுகளை எபாக்சியில் பதித்துவிடுகிறேன். அச்சுக்கு 25 கிராம் என்று இங்கே ஒரு பழக்கக் கணக்கு உண்டு. நாலு சக்கர வேனுக்கு 50 கிராம். மிங்க் இப்போது 51.

எழுத்தை அழிக்கும் இரவு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காதுகுடையும் பஞ்சை நனைத்து, வண்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் முதலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். அடிநிறம் கரையாமல் எழுத்து மட்டும் கரைந்தால் மேலே போகலாம். கரைந்தது. ஜி போனது, டபிள்யூ போனது. பஞ்சும் புட்டியும் கையில் இருக்கும்போதே இரண்டாவது வேனையும் முடித்துவிடலாம் என்று எடுத்தேன்.

அந்த இரண்டாவது வேன் எனக்கு முதல் பார்வையிலேயே தவறாகப்பட்ட ஒன்று. கூரை, ஓரங்களில் சட்டென்று வளைந்து இறங்குகிற நீள்வட்டக் கூரை. அது இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வேயின் அடையாளம். ஆஷ்ஃபர்ட் பணிமனையில் பழைய தென்கிழக்குக் கம்பெனிக் காலத்திலிருந்தே வந்த வடிவம். கதவும் கீலில் திறக்கிற கதவு. ஆனால் எழுத்து எல்.எம்.எஸ்., லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் என்ற இன்னொரு கம்பெனி! அந்தக் கம்பெனி தன் வேன்களுக்குத் தள்ளுகதவு வைப்பதில் பிடிவாதமானது, முனைச் சுவருக்கு நெளிவுத் தகடு வைக்கும். ஒரு கம்பெனியின் உடலில் இன்னொன்றின் பெயரை அடித்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பொம்மைத் தொழிலில் அது சகஜம்.

பஞ்சை வைக்கப் போகிற நேரத்தில், எழுத்து சின்னது, நிறம் பாக்சைட் என்பது கண்ணில் பட்டது. எல்.எம்.எஸ். சாம்பலை விட்டுப் பாக்சைட் என்ற செம்பழுப்புக்கும் சின்ன எழுத்துக்கும் போனது 1936இல். வெறும் கற்பனை என்றால் கண்ணைக் கவரும் பெரிய வெள்ளை எழுத்தையல்லவா போட்டிருப்பார்கள்? இவ்வளவு அடக்கமாக ஒருவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்? புட்டியை மூடினேன். மறுநாள் மாலை, மாடல் கிளப்பில் மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, வேனைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பலகைகளை எண்ணினீர்களா?" என்றார்.

எண்ணவில்லை. எண்ணினேன். இரண்டு அகலப் பலகை, இரண்டு ஒடுக்கம், மறுபடி இரண்டு அகலம். சதர்ன் போர்க்காலத்தில் கட்டிய வேன்களில் அப்படித்தான் இருக்கும் என்றார். மரம் தட்டுப்பாடான நேரம், கிடைத்த அகலத்தை வைத்துச் சமாளித்தார்கள். அந்தப் போர் ஆண்டுகளில் சதர்ன் தனக்கு மட்டும் கட்டவில்லை, எல்.எம்.எஸ்.ஸுக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. அதே கூரை, அதே கதவு, வாங்கியவரின் எழுத்து. வீட்டுக்கு வந்து தேடியபோது அவர் சொன்னது முழுக்கச் சரியாக இருந்தது. என் கையில் இருந்தது அப்பழுக்கில்லாத மாடல். அன்று நான் ஒரு நிமிடம் முந்தியிருந்தால் அதை அழித்திருப்பேன். நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது. அந்த வேனை நான் துடைக்கக்கூட இல்லை. தூசியைத் தூரிகையால் தட்டியதோடு சரி.

மூன்றாவது, 1948இல் ரயில்கள் நாட்டுடைமையான பிறகு வந்த பலகை வேன். உடல் நீளம் 70 மி.மீ., 17 அடி 6 அங்குலம். அச்சிடைத் தூரம் 10 அடி. நிறம் சாம்பல், எண்ணுக்கு முன் பி எழுத்து. எல்லாம் பொருந்தியது, மூலையில் இருந்த எக்ஸ்பி முத்திரையைத் தவிர. பிரிட்டிஷ் ரயில்வே வேக்குவம் பிரேக் இல்லாத வண்டிக்குச் சாம்பலும், உள்ளதற்குப் பாக்சைட்டும் பூசியது. அடியில் சிலிண்டரும் இல்லை. எக்ஸ்பி இருக்க வழியே இல்லை. இந்தத் தடவை இரண்டு நாள் பொறுத்து, நாலைந்து படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பஞ்சை எடுத்தேன். இரண்டு எழுத்தும் பக்கத்திலிருந்த சின்ன எண்ணும், அவ்வளவுதான் வேலை.

மறுபடி மிங்க். அடர் சாம்பலுக்குக் கடையில் தயார் நிறம் கிடைக்கும். நான் கறுப்பில் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலந்துகொண்டேன். பணிமனைகளிலும் வெள்ளை ஈயத்தில் கறுப்பைக் கலந்துதான் பூசினார்கள். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறத்தான் செய்யும். முதல் கலவை நீலம் ஓடியது. ஒரு துளி பழுப்பு அதைச் சரிசெய்தது. தூரிகையில் மெல்லியதாக மூன்று பூச்சு, ரிவெட் மறையாமல்.

எழுத்துக்கு அழுத்தி ஒட்டுகிற டிரான்ஸ்ஃபர். எழுத்தை வெட்டி, இடம் பார்த்து வைத்து, விரலால் அழுத்தி, மேலே உள்ள தாளை ஈரத் தூரிகையால் நனைத்தால் தாள் மிதந்து வந்துவிடும். வரிசையாக ரிவெட் ஓடும் சுவரில் எழுத்து நேராக உட்காருவது சுலபமில்லை. டபிள்யூ ஒரு முடியளவு சாய்ந்தது. நனைப்பதற்கு முன்பே பார்த்ததால் தூக்கி மறுபடி வைக்க முடிந்தது. இடக்கோடியில் எண், வலக்கோடியில் காலி எடை. அதன் மேல் மேட் வார்னிஷ்.

கூரையை வெள்ளையாகப் பூசி, பிறகு அதை அழுக்காக்கினேன். அசலில் நடந்ததும் அதுதான். கூரைக்கு அடித்த வெள்ளை ஈயப் பூச்சு, எஞ்சின் புகையிலிருந்த கந்தகத்தோடு சேர்ந்து ஈய சல்ஃபைடாகிக் கறுத்தது. புதுக் கூரை கொஞ்ச காலத்தில் சாம்பலாகிவிடும். அதனால் நான் புகை நிறத்தை மேலிருந்து மெல்லியதாக, ஓரங்களில் கொஞ்சம் வெள்ளை எஞ்சி நிற்கும்படி தேய்த்தேன். பக்கச் சுவரில், கதவுக்கு இடப்புறம், கூர்மையான வெள்ளைப் பென்சிலால் இரண்டு மூன்று கோணல் கிறுக்கல். ஷண்ட்டர்கள் வண்டி போக வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் சுவரிலேயே எழுதுவார்கள். பாதி அழிந்த பழைய எழுத்தின் மேல் புது எழுத்து. பழைய படங்களில் அந்தக் கிறுக்கல் இல்லாத வேனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கடைசியாக லீவர். ஒரே ஒரு பக்கம். மறுபக்கச் சட்டத்தில் இருந்த லீவர் தாங்கியையும் வெட்டி எடுத்து, தழும்பு தெரியாமல் ராவிவிட்டேன். மகள் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் காணோமே, உடைஞ்சு போச்சாப்பா?"

"இல்லம்மா, இந்தப் பக்கம் எப்பவுமே இல்ல."

அப்புறம் ஷண்ட்டரைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் வண்டியை மேசையில், லீவர் தன் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள்.

ஒவ்வொரு வேனுக்கும் நான் ஒரு அட்டை எழுதி வைப்பேன். ஞாயிறு இரவு மிங்க்கின் அட்டையை எழுதினேன்: உடல் 16 அடி. அச்சிடைத் தூரம் 9 அடி, அடிச்சட்டம் மாற்றியது. லீவர் ஒரு பக்கம். எழுத்து 16 அங்குலம். காட்டும் காலம் 1920–1936. இரண்டாவது வேனின் அட்டையில் உடல், கூரை, பலகை, எழுத்து எல்லாம் குறித்துவிட்டு, கீழே சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தேன்: துடைக்காதே.